ஐந்து சொல்லுக்கும் ஒரே 'களவு'

திருகோணமலை உவர்மலையில் மாலை நேரம் நடக்கும் ஜப்பானிய மொழி வகுப்பொன்றில் மூன்று மாதம் படித்தேன். முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக ஆயத்தமாகும் எங்களுக்கு, களவு, கொள்ளை தொடர்பான சொற்களை இரண்டு கிழமை கற்பித்தார்கள். அந்தப் பாடத்தையும் அதற்கான கையேட்டையும் பற்றியதே இந்த மதிப்பீடு.

கையேடு ஏமாற்றமே. செத்தோ, கோத்தோ, அக்கிசு, ஹித்தக்குரி, மம்பிக்கி என்ற ஐந்துக்கும் எதிரே 'களவு' என்று ஒரே சொல்லை அச்சிட்டிருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டில் புகுந்து எடுப்பது அக்கிசு. அதன் நேர்ப்பொருள் வெற்றுக்கூடு. கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடுவது ஹித்தக்குரி. கடைச் சாமானை ஒளித்துக்கொண்டு போவது மம்பிக்கி. செத்தோவுக்கும் கோத்தோவுக்கும் உள்ள தூரமோ சட்டத்திலேயே தெரிகிறது: ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தின் 235ஆம் பிரிவு, அடிக்காமல் மிரட்டாமல் திருடும் செத்தோவுக்கு 10 ஆண்டுக்கு மேற்படாத சிறை அல்லது 5 இலட்சம் யென்னுக்கு மேற்படாத தண்டப்பணம் என்கிறது, அடித்தோ மிரட்டியோ பறிக்கும் கோத்தோவுக்கு 236ஆம் பிரிவு 5 ஆண்டுக்குக் குறையாத சிறை விதிக்கிறது. களவு, வழிப்பறி, கொள்ளை என்று தமிழிலேயே பிரித்துச் சொல்லும் நமக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

கையேட்டின் குறையை ஆசிரியை ஈடுசெய்தார். 'கோத்தோ'வின் இரண்டு எழுத்துகளையும் பலகையில் பெரிதாக எழுதி, முதலாவது வலிமை, இரண்டாவது திருட்டு, அதன் அடியில் இருப்பது ஒரு தட்டு என்று காட்டினார். பிறகு 'செத்தோ'வின் கடைசி எழுத்திலும் அதே தட்டை நாங்களே கண்டுபிடித்தோம். 'பணப்பை திருடப்பட்டது' என்று பையை எழுவாயாக்கி நான் எழுதியதைத் திருத்தி, பறிகொடுத்தவரையே முன்னிறுத்தி 'சைஃபு ஓ நுசுமரெமஷித்த' (பணப்பையைக் களவு கொடுத்தேன்) என்று சொல்ல வைத்தார்.

மிகப் பயன்பட்டது தொலைபேசிப் பயிற்சி. இலங்கையில் பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110. ஜப்பானில் 110 பொலிஸ், 119 தீயணைப்பும் அம்புலன்சும். கடற்கரையில் சங்கிலி அறுத்ததாக வைத்து முறையிடச் சொன்னபோது பக்கத்திலிருந்த தங்கச்சி பழக்கத்தில் 119 என்றாள், ஆசிரியை உடனே மறுமுனைக் குரலாகி, "தீயா, நோயாளரா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டார். அவள் விழித்த விழிப்பை இன்னும் வகுப்பில் சொல்லிச் சிரிக்கிறோம்.

இன்னொரு முறைப்பாடு, கையேடு ஜப்பானிய எழுத்தைத் தராமல் தமிழ் எழுத்தை மட்டும் தந்திருப்பது. கள்ளனைக் குறிக்கும் 'தொரோபோ'வின் முதலெழுத்தை 'தண்ணீர்' என்பதில் வருவதுபோல் வல்லொலியாக வாசித்தால் பிழை. 'தினம்' என்பதைச் சிலர் மெல்ல உச்சரிப்பதுபோல் ஒலிக்க வேண்டும். ஹிரகானா என்ற ஜப்பானிய அடிப்படை எழுத்து தெரிந்தவர்களுக்கு இந்த வில்லங்கம் இல்லை. தெரியாதவர்கள் அதை முடித்துவிட்டுச் சேருவது நல்லது. கையேடு வேண்டாம், வகுப்பு மட்டும் போதும் என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் சேர்த்தே பற்றுச்சீட்டு எழுதுகிறார்கள்.