புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு: 48,500 ரூபாய் போன கதை

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ராத்திரி ஏழரை மணி. கடையில் நல்ல கூட்டம். போனில் ஒரு மெயில்: 'உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது. நள்ளிரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் நெட் பேங்கிங் முடக்கப்படும்.' அனுப்பியவர் இடத்தில் என் வங்கியின் பெயர். போனில் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் உண்மையான முகவரி விரியும். நான் தொட்டது கீழே இருந்த நீலப் பட்டனை.

வந்தது அச்சு அசல் வங்கிப் பக்கம். 'பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கை வரை அப்படியே. அதையும் திருடியிருக்கிறான், பாருங்கள்! யூசர் ஐடி, பாஸ்வேர்டு போட்டேன். ஓடிபி வந்தது, போட்டேன். 'சரிபார்ப்பு தோல்வி, மீண்டும் முயலவும்' என்றது. இன்னொரு ஓடிபி வந்தது. அதையும் போட்டேன்.

முதல் மெசேஜில் 'புதிய பெனிஃபிஷியரி சேர்க்க' (அதாவது, பணம் பெறும் ஆளைச் சேர்க்க) என்றும், இரண்டாவதில் '48,500 ரூபாய் அனுப்ப' என்றும் தெளிவாகவே இருந்தது. திரையின் மேலே எட்டிப்பார்த்த ஆறு எண்ணை மட்டும்தான் நான் படித்தேன்.

பணம் போன மெசேஜைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. மகள்தான் போனை வாங்கி அந்தப் பக்கத்தின் முகவரியைப் பார்த்தாள். "அப்பா, இங்க புள்ளி இல்லப்பா, கோடு." ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31-க்குள் நம் வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. எனக்கு வந்ததில் 'பேங்க்', ஒரு சின்னக் கோடு, 'இன்', அப்புறம் ஒரு புள்ளி வைத்து வாய்க்குள் நுழையாத ஏதோ பெயர். முகவரி எதில் முடிகிறதோ அவன்தான் சொந்தக்காரன். முன்னால் எந்த வங்கிப் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம்.

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்தோம். அதற்குள் 17,500 ரூபாயை எடுத்துவிட்டார்கள். மீதி 31,000 மோசடிக்காரனின் கணக்கிலேயே முடக்கப்பட்டது. திங்கட்கிழமை கிளைக்குப் போனால், "ஓடிபிய நீங்களேதானே சார் குடுத்தீங்க" என்கிறார்கள். கோபம் வந்தது. ஆனால் ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட சுற்றறிக்கையும் அதைத்தான் சொன்னது: நம் கவனக்குறைவால் போனது, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நம் தலையில், தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அதனால் 1930-க்கு அடித்த கையோடு வங்கிக்கும் அடித்து, புகார் எண் வாங்கிவிடுங்கள். வங்கி நம்பரை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் பாருங்கள், மெயிலில் இருப்பதை எடுக்காதீர்கள்.

31,000 இன்னும் கைக்கு வரவில்லை. மெயிலை அழிக்காமல் வைத்திருக்கிறேன், புகாருக்கு வேண்டும்.