வேர்க்கடலை ஓட்டு எரிகட்டிகள்: பயன்படுத்திய அனுபவம்

எங்கள் உணவகக் கொதிகலனில் விறகுக்குப் பதிலாக எரிக்கும் இந்த பிரிக்கெட் கட்டிகள், வேர்க்கடலை ஓட்டையும் மரத்தூளையும் உயர் அழுத்தத்தில் இறுக்கிச் செய்யப்பட்டவை. அப்போது எழும் வெப்பத்தில் தாவரத்திலுள்ள லிக்னின் என்னும் இயற்கைப் பிணைப்புப் பொருள் இளகித் துகள்களைப் பிணைத்துவிடுவதால், தனியே பசை சேர்க்கத் தேவையில்லை. நன்கு காய்ந்த கட்டி கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 கிலோகலோரி வெப்பம் தருகிறது. தீ சீராக நின்று எரிகிறது, ஈரவிறகைவிடப் புகையும் மிகக் குறைவு. அடுப்படியில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் மழைக்காலத்தில் வந்த சுமையில் பெரும்பகுதி உதிர்ந்திருந்தது. நீர் பட்டால் கட்டி மீண்டும் தூளாகிவிடும் என்று அறிந்தும் தார்ப்பாய் போடாமல் அனுப்பியதை ஏற்க முடியாது. ஈரப்பதம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்காதீர்கள். விலை விறகைவிடச் சற்றுக் கூடுதல்தான். எனினும் ஆலைகளில் குவியும் கழிவே எரிபொருளாவதால், மூடிய வண்டியில் அனுப்பும் விற்பனையாளரிடம் தொடர்ந்து வாங்குவேன்.