பழைய யூனோஸ் ரோட்ஸ்டரின் பெட்ரோல் குழாய்கள்: இரண்டு முறை மாற்றியதும் அதற்குப் பிந்திய ஐந்து ஆண்டுகளும்

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் தயாரான யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கார்தான் ஜப்பானில் இந்தப் பெயரில் விற்கப்பட்டது. 1.6 லிட்டர் இன்ஜின், பின்சக்கர இயக்கம், இருக்கைகளுக்குப் பின்னால் 45 லிட்டர் பெட்ரோல் தொட்டி. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் பட்டணத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்யும் நான், 2017இல் சேமிப்பைத் திரட்டி இதை வாங்கினேன். வார நாட்களில் இது வீட்டிலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோலப்பிலா வழியாகப் புக்கிட் புத்துஸ் பழைய மலைப்பாதையின் வளைவுகளில் ஓட்டிச் சிரம்பான்வரை போய்வருவேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அம்மா சாம்பிராணித் தட்டோடு வீட்டைச் சுற்றி, வீட்டு முகப்பில் கார் நிற்கும் அஞ்சடிவரை வருவது வழக்கம். 2018 செப்டம்பரில் ஒருநாள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "தம்பி, உன் காடியிலிருந்து எண்ணெய் வாடை வருது, நான் நெருப்போடு அங்கே வரமாட்டேன்" என்றார். அந்த வாடையை நானும் இரண்டு வாரமாக உணர்ந்திருந்தேன். தொட்டியை விளிம்புவரை நிரப்பியதால் வருவதாக எண்ணி விட்டுவிட்டேன். அம்மா நின்றது முற்றிலும் சரி. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து செல்லும். நம் ஊர் வெப்பத்தில் சிறு கசிவும் பற்றிக்கொள்ளக்கூடிய அளவு ஆவியைத் தந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் காலை காரைத் தாங்கிகளின் மேல் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தேன். இந்தக் காரில் பெட்ரோல் ஃபில்டர் வலப்புறப் பின்சக்கரத்துக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னே இருக்கிறது. அதைக் கழற்றியதும், ஃபில்டரோடு இணையும் ரப்பர் குழாயின் கிளிப்பில், பட்டையின் கீழ் விளிம்பில் ஒரு துளி திரண்டு, கடுகளவு பெருத்து, விழாமலேயே ஆவியாகி மறைவதைக் கண்டேன். சிறிது நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று திரண்டது. தரையில் ஒருபோதும் ஈரம் தெரியாததற்குக் காரணம் இதுதான். ஆகவே, "கீழே சொட்டவில்லை, அதனால் கசிவில்லை" என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் முறை நான் செய்த பழுதுபார்ப்பு தவறானது. உதிரிபாகக் கடையொன்றில் "பெட்ரோல் குழாய்" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி, கசிந்த குழாயோடு இன்ஜின் பக்கத்துக் குழாய்களையும் மாற்றி, திருகு வைத்த சாதாரண கிளிப்புகளால் இறுக்கினேன். பதினான்கு மாதங்கள் கழித்து அதே வாடை, இந்த முறை பானட்டுக்கு அடியிலிருந்து வந்தது. சூடான இன்ஜினின் பக்கத்தில் கசிவு என்பது முந்தையதைவிடப் பல மடங்கு ஆபத்தானது என்பதால், அன்றைக்கே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவதை நிறுத்தினேன்.

கழற்றிய குழாயைப் பட்டணத்துப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளியே கருமையாக, புதிதாகத்தான் இருந்தது. அவர் அதைச் சவரப் பிளேடால் நீளவாக்கில் கீறி, பலாச்சுளையைப் பிரிப்பதுபோல் விரித்தார். உட்சுவர் முழுவதும் மயிரிழை போன்ற வெடிப்புகள். கிளிப்பின் பல்வெட்டுகள் பதிந்த இடத்தில் ரப்பர் அறுபட்டு நூலிழை தெரிந்தது. "வெளித்தோலைப் பார்த்து ஏமாறாதீங்க தம்பி, பெட்ரோல் ஓடுறது உள்ளே" என்றார். குழாயின் மேல் மங்கலாக அச்சிட்டிருந்த எழுத்தையும் அவர்தான் படிக்கச் சொன்னார். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றிருந்தது.

எஸ்ஏஇ ஜே30 என்பது எரிபொருள் குழாய்களுக்கான தரநிலை, ஆர்7 அதில் ஒரு வகை. அந்த எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆர்7 என்பது கார்புரேட்டர் இன்ஜின்களுக்கும், ஆவிக் குழாய்களுக்கும், அழுத்தம் குறைவான பிற இடங்களுக்கும் உரியது. என் கார் இன்ஜெக்‌ஷன் வகை. இன்ஜினுக்குள் பீய்ச்சப்படுவதற்காகப் பம்பிலிருந்து வரும் பெட்ரோல் ஏறக்குறைய 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்கிறது, இன்ஜினை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் உடனே இறங்குவதில்லை. இதற்கு வேண்டியது ஆர்9. அதன் உட்சுவர் ஃபுளோரோ எலாஸ்டோமர் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. பெட்ரோலையும் வெப்பத்தையும் சாதாரணக் குழாய்களின் நைட்ரில் ரப்பரைவிட நெடுங்காலம் தாங்கும். தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் சிறு குழாய்க்கு ஆர்9கூடப் பொருந்தாது, ஏனெனில் அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டதன்று. உள்ளும் புறமும் மூழ்கும் இடத்துக்கு ஆர்10 என்று தனியாக ஒன்று உண்டு.

அப்பா முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். ரப்பரில் இத்தனை வகையா என்று நான் வியந்தபோது, பழைய ரப்பர் ஷீட் துண்டொன்றைக் கண்ணாடிப் புட்டியில் பெட்ரோல் விட்டு அதில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் நிழலில் வைக்கச் சொன்னார். மறுநாள் அது உப்பிப் பருத்து, விரலால் அழுத்தினால் குழைந்து பிய்ந்துவரும் நிலையில் இருந்தது. மரத்துப்பாலில் செய்த ரப்பர் பெட்ரோலை உறிஞ்சி வீங்கிவிடும் என்பதாலேயே பெட்ரோல் குழாய்களைச் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். நம் தோட்டங்கள் தந்த ரப்பரால் டயர் செய்யலாம், இந்தக் குழாயைச் செய்ய முடியாது. பாமாயில் கலந்த எண்ணெயால்தான் குழாய் கெடுகிறது என்று சொன்னவர்களும் உண்டு; பாமாயிலிலிருந்து செய்த எரிபொருளைப் பத்து விழுக்காடு சேர்த்து 2019இல் வந்த பி10 கலவை டீசலுக்கு உரியது, பெட்ரோல் காருக்கு அதனோடு தொடர்பில்லை.

2020 பிப்ரவரியில் சிரம்பானில் தேடி ஆர்9 குழாயை வாங்கினேன். விலை முன்பு வாங்கியதைப்போல் மூன்று மடங்கு. கிளிப்புகளும் மாற வேண்டும். பட்டையில் வெட்டுகள் இல்லாத, விளிம்பு மேல்நோக்கி மடிந்த இன்ஜெக்‌ஷன் கிளிப் குழாயை அறுக்காமல் சுற்றிலும் சமமாக இறுக்கும். கசிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், தொட்டியின் மேலிருந்து இரும்புக் குழாய்க்குச் செல்வது, ஃபில்டரின் இரு பக்கங்கள், இன்ஜினுக்குச் செல்வது, அங்கிருந்து திரும்புவது என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். திரும்பும் குழாயில் அழுத்தம் குறைவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்ஜினின் சூட்டை வாங்கிய பெட்ரோல் அதன் வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்புகிறது என்பதால் அதையும் மாற்றிவிடுவதே சரி என்பது என் கருத்து.

வேலைக்கு முன் பம்புக்கு மின்சாரம் தரும் ரிலேயைக் கழற்றி, இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பின்பு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். அப்படியும் கொஞ்சம் பெட்ரோல் வழியும், எனவே திறந்த வெளியில், பக்கத்தில் தீயணைப்புக் கருவியோடு செய்தேன். பழைய குழாய் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். அதைக் குறடால் திருகி இழுத்தால் இரும்பில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே புதுக் குழாயும் கசியும். நான் பிளேடால் நீளவாக்கில் மெல்லக் கீறி உரித்தெடுத்தேன். இரும்புக் குழாயின் நுனியில் சிறு வளையம்போல் புடைப்பு இருக்கும். புதுக் குழாய் அதைத் தாண்டி ஓர் அங்குலமாவது ஏற வேண்டும், கிளிப் புடைப்பின் மேல் உட்காராமல் அதற்கு அப்பால் உட்கார வேண்டும். அடியில் இருந்த இணைப்புகளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

இந்தக் காரில் சோதனைக்கு ஒரு நல்ல வசதி உண்டு. பானட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி என்ற இரு துளைகளைச் சிறு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், இன்ஜின் ஓடாமலே பம்ப் மட்டும் ஓடும். அப்படிப் பத்து நிமிடம் அழுத்தத்தில் வைத்து, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஈரம் பட்டது. கால் சுற்று இறுக்கியதும் நின்றது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு, குளிர்ந்த நிலையில் எல்லாக் கிளிப்புகளையும் மீண்டும் பார்த்தேன்.

அடுத்த மாதமே, மார்ச் 18 அன்று, கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கார் பல வாரங்கள் அஞ்சடியில் அசையாமல் நின்றது. பெட்ரோல் தேங்கி நின்றும் ஓர் இணைப்பும் ஈரமாகவில்லை. அதிலிருந்து இன்றுவரை 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிக் காகிதத்தால் ஒற்றிப் பார்ப்பதை விடவில்லை. 2023இல் ஒருமுறை மட்டும் திரும்பும் குழாயின் வெளித்தோலில் எலிப்பல் பதிந்திருந்தது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாழும் நமக்கு எலித்தொல்லை புதிதன்று, அதற்காகத்தானே தோட்டங்களில் ஆந்தைக் கூண்டுகளை வைக்கிறார்கள். உட்சுவரைத் தொடவில்லை என்றாலும் அந்தத் துண்டை உடனே மாற்றினேன். வெட்டியெடுத்த மூன்றாண்டுப் பழைய துண்டைப் பிளேடால் விரித்துப் பார்த்தபோது உட்சுவர் வழவழப்பாக, ஒரு வெடிப்பும் இல்லாமல் இருந்தது. செலவழித்த பணத்துக்கு அதைவிடத் தெளிவான கணக்கு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்னும் மாற்றாமல் இருப்பது பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து தொட்டிக்கு இறங்கும் அகலமான குழாய் மட்டுமே. அது வளைவாக வார்த்தெடுக்கப்பட்டது, மீட்டர் கணக்கில் வாங்கும் நேர்குழாயால் அதை ஈடுசெய்ய முடியாது. வெளியே நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஆனால் முப்பது ஆண்டுகளைத் தாண்டிய ரப்பரின் வெளித்தோற்றத்தை நம்ப நான் தயாராக இல்லை. ஜப்பானிலிருந்து தருவிக்கச் சொல்லியிருக்கிறேன். அது வந்து சேரும்வரை தொட்டியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்புவதில்லை.