கரை நடையா, ஜிம்மா, ஷட்டிலா? மனசுக்கு எது கை கொடுக்கும்

"நாள் பூரா வயல்ல குனிஞ்சு நிமிர்றவளுக்கு வாக்கிங் எதுக்கு?" டெல்டாவில் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. சர்க்கரை, கொழுப்புக் கணக்கை விட்டுவிடுவோம். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமில்லாத இரவு, இவற்றுக்கு எது உதவும் என்பதுதான் இங்கே அலசல்.

வயல் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். நடவு என்பது லேசுப்பட்ட உழைப்பல்ல. சேற்றில் கணுக்கால் புதைய, நாற்று முடியைப் பிரித்துப் பிரித்து ஊன்றியபடி பின்னாலேயே நகர வேண்டும். முதுகு நிமிர்வது வரப்பேறும்போதுதான். வியர்வைதான் மருந்து என்றால் இந்தப் பெண்களுக்குக் கவலையே இருக்கக் கூடாது. ஆனால் 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஓர் அலசல் வேறு மாதிரி சொல்கிறது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவும், நடந்தோ சைக்கிளிலோ போய்வருவதும் நல்ல மனநிலையோடு சேர்ந்து வருகின்றன; பிழைப்புக்காகச் செய்யும் உழைப்பில் அந்த நன்மை தெரியவில்லை. வேலையில் வேகமும் நேரமும் நம் கையில் இல்லை, எப்போது நிறுத்தலாம் என்பதும் இல்லை. காரணம் அதுவாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நிலம் வைத்திருப்பவர் கதையும் இதேதான். தினம் இரண்டு வேளை வயலைச் சுற்றும் என் மாமாவிடம், "அதுவே போதாதா மாமா?" என்று கேட்டேன். "வயலுக்குப் போனா பிரஷர் ஏறுதுடா, எறங்கறதில்ல" என்றார். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா, திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வரும், மடையை யார் மறித்தார்கள். அந்த நடை முழுக்கக் கணக்குதான்.

இதற்கு நேர் எதிர், குளக்கரை நடை. திருவாரூர்க்காரர்களுக்குக் கமலாலயம் இருக்கிறது. "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி" என்று சொல்லும் அளவு. வேகமாக இரண்டு சுற்று வந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். மன்னார்குடிக்கு ஹரித்ரா நதி, கும்பகோணத்துக்கு மகாமகக் குளம். செலவு செருப்பு மட்டும்தான். சான்றும் வலுவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோய் கொண்ட, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள்: உடற்பயிற்சி, மாத்திரை, இரண்டும் சேர்த்து. 1999இல் வெளியான முடிவுப்படி, 16 வாரம் கழித்து மூன்றிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். மாத்திரை சற்றுச் சீக்கிரம் வேலை செய்தது, அவ்வளவே.

ஜிம் எப்படி? உரக்கடைக்கு மேல்மாடியில், இரண்டு ட்ரெட்மில்லும் பாட்டுச் சத்தமுமாக இப்போது சின்ன ஊர்களிலும் வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்து உடம்பு ஏற்றத்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 218 ஆய்வுகளைச் சேர்த்து 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அலசலில், நடை, மெல்லோட்டம், யோகா ஆகியவற்றோடு எடை தூக்கும் பயிற்சியும் மனச்சோர்வைக் குறைப்பதில் முன்வரிசையில் நிற்கிறது. அதிலும் பெண்களுக்கு எடைப்பயிற்சி கூடுதலாக உதவுவதாகத் தெரிகிறது. நம் ஊர் ஜிம்களில் பெண்களுக்கென்று ஒதுக்கும் நேரமோ, ஒதுக்கினால், யாருக்கும் ஆகாத மதிய நேரம்!

யோகா தூக்கம் வராதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நல்லது. ஆற்றில் நீச்சலைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பாதி வருஷம் மணல், மீதி வருஷம் சுழல்.

என் ஓட்டு ஷட்டிலுக்கு. காலி மனையில் நான்கு மூங்கில் நட்டு, வலை கட்டி, விளக்குப் போட்டுவிட்டால் கோர்ட் தயார். 12 லட்சம் அமெரிக்கர்களின் பதில்களை வைத்து 2018இல் லான்செட் சைக்யாட்ரி வெளியிட்ட ஆய்வில், மனம் சரியில்லாத நாட்கள் குறைவதில் குழு விளையாட்டுதான் முதலிடம்; சைக்கிள் அடுத்து. மனம் நன்றாக இருப்பவர்கள்தான் ஆட வருகிறார்களோ என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. இருந்தாலும் கோர்ட்டில் ஒன்று கண்கூடு: ஒரு நாள் வராவிட்டால், "என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா, நாலாவது ஆளு இல்லாம நிக்கிறோம்" என்று போன் வந்துவிடும். மனம் சோர்ந்தவருக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் மலை. அங்கே ட்ரெட்மில் கூப்பிடாது.

கோர்ட்டில் இடம் கிடைக்காத பெண்களுக்கு, துணையோடு போகும் கரை நடைதான் என் இரண்டாவது தேர்வு. தனியே நடப்பதைவிடப் பக்கத்து வீட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு போவது நிலைக்கும். எதுவானாலும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிடம். அதில் பாதி நடந்தாலும் வீணில்லை.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் கேளுங்கள். எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போல் தோன்றுகிறது என்றால் உடனே டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். ஐப்பசி, கார்த்திகையில் கரையெல்லாம் சகதியாகிவிடும், பாம்பும் வரும். அந்த இரண்டு மாதத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்து எழுவதும், தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்குவதும் போதும்.