ஊசியைக் குறை சொல்லாத கடை

டர்பனில் பழைய கிரே தெரு என்று நம்மவர் இன்னும் சொல்லும் டாக்டர் யூசுப் தாதூ தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் பழுதுபார்க்கும் ஒற்றை அறைக் கடை இருக்கிறது. அப்பா விட்டுச்சென்ற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 பிளேயரை, டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து அங்கே எடுத்துச் சென்றேன்.

எந்த இசைத்தட்டைப் போட்டாலும் முதல் பாட்டு சுத்தமாக இருக்கும்; கடைசிப் பாட்டில் நாதஸ்வரம் மேல் ஸ்தாயியைத் தொட்டதும் தாள் கிழிவதுபோல் ஒலிக்கும். முன்பு வேறொரு கடையில் ஊசி தேய்ந்துவிட்டது என்று சொல்லி, ஊசியைத் தாங்கும் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் காட்ரிட்ஜை விற்றார்கள். பணம் போனது, இரைச்சல் போகவில்லை.

இந்தக் கடைக்காரர் எதையும் விற்க முயலவில்லை. ஊசியின் முனையை உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஊசி நல்லாத்தான் இருக்கு தம்பி, அது உட்கார்ந்திருக்கிற இடம்தான் சரியில்லை" என்றார். காட்ரிட்ஜ் பொருத்தப்படும் ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது டெக்னிக்ஸ் வகுத்த அளவு. என்னுடையது 48-இல் நின்றது. தட்டை வெட்டிய கருவி விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது, ஊசியைத் தாங்கும் கையான நம் டோன் ஆர்மோ ஓர் அச்சில் சுழன்று வில்போல் வளைந்து செல்கிறது. ஆகவே எவ்வளவு திறமையாகப் பொருத்தினாலும் ஊசி இரண்டே இடங்களில்தான் ஒலி பதிந்திருக்கும் பள்ளத்துக்கு முழுமையாக நேராக நிற்கும். மேலும் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உட்பகுதியில் 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்பட்டிருப்பதால் கோணப் பிழை அங்கேதான் காதில் குத்துகிறது.

ஊசியைப் பொருத்தப் பலர் பரிந்துரைக்கும் பேர்வால்ட் கணக்கின்படி அந்த இரண்டு இடங்கள் மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டர் தொலைவில் அமையும். அதன்படியே வைக்கும்படி கேட்டேன், அவர் மறுத்துவிட்டார். டெக்னிக்ஸ் அளவில் உள் இடம் ஏறத்தாழ 59-இல் விழுவதால், பக்கத்தின் முடிவில் குறை உள்ள எனக்கு அதுவே பொருத்தம் என்பது அவர் வாதம். நடுப்பகுதியில் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும் அவர் சொன்னது சரியென்றே இப்போது எனக்கும் படுகிறது.

அடுத்த பிழை, ஊசி தட்டை அழுத்தும் எடையில்; அது என்னுடையது. ஆர்மின் பின்முனையில் உள்ள எதிர் எடையை நகர்த்தி ஆர்மை அந்தரத்தில் சமமாக மிதக்கவிட்டு, எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பிய பிறகே எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். நான் அந்த முதற்படியைத் தவிர்த்திருந்தேன். வளையம் 1.8 கிராம் காட்டியது, அவருடைய சிறு தராசு 1.2 கிராம்தான் என்றது. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டும்: பிடிப்பில்லாத ஊசி பள்ளத்தின் சுவர்களில் மோதி அவற்றை இன்னும் மோசமாகச் சிதைக்கும்.

ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங் விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. பள்ளமே இல்லாத வழுவழுப்பான தட்டில் ஊசியை வைத்து, அது எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துச் சரிசெய்தார். பள்ளத்தின் இரு சுவர்களிலும் உராயும் ஊசியின் இழுவை வேறு, வெறும் பரப்பில் உராயும் இழுவை வேறு. வீட்டுக்கு வந்ததும் கையேடு சொல்வதுபோல் ஊசியின் எடைக்குச் சமமாக 1.8-இல் வைத்துக்கொண்டேன்.

கட்டணம் 450 ராண்ட். வேலைக்கு அது அதிகமில்லை. ஆனால் மூன்று நாள் என்றவர் ஒன்பது நாள் ஆக்கினார், செய்த அளவுகளைத் தாளில் எழுதியும் தரவில்லை. எதிர் எடையைக் கழற்றாமலே ஒப்படைத்ததால் வழியில் அது நகர்ந்துவிட்டது. என் வீட்டு மேசையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எடை, மட்டம் இரண்டையும் வீட்டில் மறுபடி நானே செய்ய வேண்டியதாயிற்று. இப்போது நாதஸ்வரம் கடைசிச் சுற்றுவரை கிழியாமல் வருகிறது.

இன்னொன்றையும் அவர் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். 52 மில்லிமீட்டர் ஹெட்ஷெல்லிலேயே அளக்கப்படுவது. அது கையால் கழற்றக்கூடியது. பன்னிரண்டரைக் கிலோ பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஹெட்ஷெல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பேன்.