கோவளத்துப் பழைய விடுதியும் பதினைந்து வருட உப்பும்

கல்யாணமாகி மூன்றாவது மாதம், 2010 நவம்பரில்தான் முதல்முறை போனோம். நாகர்கோவிலில் பஸ் ஏறி, பாலராமபுரத்தில் மாறி, விழிஞ்சம் வழியாகக் கேரளத்துக் கோவளம் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அறைக் கதவு திறந்ததும் என் மனைவி பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே பால்கனிக்குப் போனாள். இடது பக்கம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம், வலது பக்கம் கீழே பிறையாக வளைந்து கிடக்கும் மணல், எதிரே தடுப்பே இல்லாத கடல். குளியலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டியதை மறுநாள் காலையில்தான் கவனித்தோம்.

அதையும் சேர்த்து இதுவரை பதினோரு முறை. எல்லாம் அதே விடுதி. பெயரைச் சொல்லப்போவதில்லை. லைட்ஹவுஸ் பீச்சின் தெற்கு மேட்டில் இதே வயதில், இதே நிலைமையில் ஏகப்பட்ட விடுதிகள் உண்டு. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வாசல்வரை வராது. மேலே சாலையில் நிறுத்திவிட்டுச் சந்து வழியாக இறங்கி, அப்புறம் விடுதிப் படி ஏற வேண்டும். ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன், 62 படி. அம்மாவை 2013இல் கூட்டிப்போனேன். முதல் நாள் ஏறியவர் கிளம்பும்வரை கீழே இறங்கவில்லை. "கடலைப் பாக்கத்தானே வந்தோம், இங்கேருந்தே தெரியுதே மக்ளே" என்று பால்கனியிலேயே மூன்று நாளையும் ஓட்டிவிட்டார். முட்டிவலிக்காரர்களை அழைத்துப் போவதாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

இனி உப்பு. நான் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குக் காற்று அலைச்சாரலைத் தூக்கிக்கொண்டு வந்து அறைக்குள் இறைக்கிறது. காய்ந்தபின் தங்கும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் அங்கே எதுவும் முழுசாகக் காய்வதில்லை. துவைத்துப் போட்ட துண்டு மறுநாளும் பிசுபிசுக்கும். ஏசியின் வெளிப்பெட்டியில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். 2016இல் எங்கள் அறை ஏசி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது என்றார் மேலாளர். தகட்டை விரலால் தொட்டேன், அப்பளம்போல நொறுங்கியது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் அப்படித்தான். துருப்பிடித்தால் பருத்து, மேலே இருக்கிற காரையைப் பிளந்து தள்ளும். இந்த விடுதி மாடிப்படியின் அடிப்பக்கம் ஒரு முறை கம்பி வெளியே தெரிந்தது. அடுத்த முறை சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து, அழகாக இருந்தது. அதற்கடுத்த முறை அதே இடத்தில் அதே பிளவு. துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் வேறென்ன ஆகும்? முதலாளியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சாரே, சீசன் கழியட்டே" என்றார். பதினைந்து வருடமாக அந்த சீசன் கழியவில்லை.

2014இல் பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் இறுகி, நானும் மனைவியும் வெளியே மாட்டிக்கொண்டோம். கீழே தோட்டத்தில் நின்ற பெரியவரைக் கூப்பிட்டோம். அங்கே அறை சுத்தம் செய்வதும் சாயா கொண்டுவருவதும் அவர்தான். சமையலறையிலிருந்து கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து, உள்ளே நின்றபடி தாழ்ப்பாளில் விட்டு, இரண்டு தட்டு தட்டினார். திறந்துவிட்டது. அவர் இருந்தவரை எங்களுக்கு எந்தக் குறையும் பெரிதாகப் படவில்லை. ஹீட்டர் ஓடாவிட்டால் பக்கெட்டில் வெந்நீர் வரும். கரண்ட் போனால் சொல்வதற்கு முன்பே மெழுகுவத்தி வரும். சாப்பாட்டுக்கு நான் கீழே கடைகளுக்குப் போவதே இல்லை. அங்கே ஐஸ் மேல் அடுக்கிவைத்த மீனைக் காட்டி எடை போட்டு விலை சொல்வார்கள், வெளிநாட்டுக்காரர்களைக் கண்டு பழகிய விலை. பெரியவரிடம் காலையில் காசு கொடுத்தால் விழிஞ்சம் துறையில் சாளை வாங்கிவந்து, மரச்சீனிக் கிழங்கோடு மதியம் கிடைக்கும்.

மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவை போனோம், 2018 ஜூன். பாதி வாடகை என்ற ஆசை. போய்ப் பார்த்தால் கடற்கரையையே காணோம்! அந்த மாதங்களில் அலை மணலை வாரிக்கொண்டு போய்விடும், மழை ஓய்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போடும். நடைபாதைச் சுவரில் அலை மோதிக்கொண்டிருந்தது. சிவப்புக் கொடி, உயிர்காப்பாளரின் விசில், ஒருவரையும் இறங்க விடவில்லை. அறைச் சுவரில் பூஞ்சணம், தலையணையில் அதே வாசனை. இரண்டாம் நாளே ஊர் திரும்பினோம். மலிவு என்று யாராவது சொன்னாலும் ஜூன், ஜூலை வேண்டவே வேண்டாம்.

அதற்கு முந்தின வருடம் போனது வேறு மாதிரி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, எங்கள் தெருவில் மரங்கள் விழுந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முடியவில்லை. போன் செய்தேன், வாருங்கள் என்றார்கள். விடுதியில் எங்களைத் தவிர இரண்டே அறைகளில்தான் ஆள். பக்கத்தில் விழிஞ்சத்தில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. பெரியவரின் உறவில் ஒருவர் என்றார்கள். நாங்கள் இருந்த நான்கு நாளும் அவர் பால்கனிப் பக்கம் வரவே இல்லை. கிளம்பும்போது பாதி வாடகைதான் வாங்கினார்கள்.

கொரோனாவுக்கு அப்புறம் விடுதி கை மாறியது. பெரியவர் இப்போது அங்கே இல்லை. புதியவர்கள் முகப்பில் வண்ண விளக்கு போட்டிருக்கிறார்கள், மெத்தை மாற்றியிருக்கிறார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 2023இல் கைப்பேசிச் செயலி வழியாகப் பணம் கட்டிவிட்டுப் போனால், கடல் தெரியும் அறை என்று பின்பக்க அறையைக் கொடுத்தார்கள். குளியலறை ஜன்னலில் எக்கிப் பார்த்தால் ஒரு துண்டு நீலம் தெரியும், அதுவும் கடல்தானாம். ஒரு மணி நேரம் வாதாடி மாற்றினோம். இப்போதெல்லாம் நேரடியாகப் போன் செய்து, இரண்டாம் மாடி தெற்கு ஓர அறை என்று குறிப்பிட்டுக் கேட்டபிறகே பணம். முதல் மாடியில் தென்னை மறைக்கும், மூன்றாம் மாடி மொட்டைமாடிச் சூட்டில் வேகும்.

கடைசியாகப் போனது 2025 டிசம்பர். எல்லைப் பக்கம் காரோட்டிலிருந்து விழிஞ்சம் பக்கம் முக்கோலா வரை கான்கிரீட் புறவழிச்சாலை வந்துவிட்டதால் பயணம் வலிக்கவில்லை. 2010இல் சீசனில் 1,400 ரூபாய் கொடுத்த அறைக்கு இப்போது 3,800. அந்தக் காசுக்குத் திருவனந்தபுரத்தில் பளபளப்பான அறை கிடைக்கும், ஒழுகாத குழாயோடு. மனைவி இதைத்தான் கேட்டாள். சாயங்காலம் சூரியன் இறங்கும்போது அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

காட்சியும் கொஞ்சம் மாறியிருக்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் விழிஞ்சம் துறைமுகம் 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பலை வரவேற்று, 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. முன்பு இரவில் கடலில் மீன்படகு விளக்குகள் மட்டும் மினுங்கும், இப்போது தூரத்தில் மாடிக்கட்டடம்போல கொள்கலன் கப்பல்கள் காத்து நிற்கின்றன. என் மகனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கீழே மணலில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகக் கிடப்பதைக் காட்டி, நம் மணவாளக்குறிச்சியில் அள்ளுகிற இல்மனைட் தாதுமணல் இதுதான்டா என்றேன். அவன் கப்பலை எண்ணிக்கொண்டிருந்தான்.

1972இலிருந்து எரிகிற அந்தக் கலங்கரை விளக்கின் ஒளி இரவில் சுற்றி வரும்போது திரைச்சீலையைத் தாண்டி உள்ளே வரும். சிலருக்குத் தூக்கம் கெடும். எங்களுக்குப் பழகிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு இரவுக்கு அதே ஓர அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஹீட்டரை மாற்றிவிட்டோம் என்றார்கள், நம்பவில்லை. பையில் எப்போதும் போகிறவை: டார்ச், துணி காயப்போடக் கயிறு, கடையிலிருந்து ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். இந்தத் தடவை அவர்கள் அனுமதித்தால் நானே மாட்டிவிட்டு வருவேன். அதுவரைக்கும் சின்னக் குப்பியில் தேங்காயெண்ணெய்.