பலூனும் தேசிக்காயும்: கிளிநொச்சியில் ஓர் உளவியல் வகுப்பு

கிளிநொச்சி நகரில் தனியார் கல்வி நிலையமொன்று நடத்திய 10 வார உளவியல் அறிமுகக் கற்கைநெறியை அண்மையில் நிறைவு செய்தேன். ஞாயிறுதோறும் காலை 8.30 முதல் பிற்பகல் 1 மணி வரை வகுப்பு. கட்டணம் 12,000 ரூபா. விசுவமடுவிலிருந்து பரந்தன் ஊடாகப் போய்வரும் பஸ் செலவு வேறு. துண்டுப்பிரசுரத்தில் 'செயற்பாட்டுவழிக் கற்றல்' என்றிருந்ததைக் கண்டதும், வட்டமாக இருத்திப் பாட்டுப் பாடுவித்து, மாக்கர் பேனையும் டிமைத் தாளும் தந்து அனுப்பும் பழைய பயிற்சிப்பட்டறைதான் இதுவும் என நினைத்தேன். போருக்குப் பின்னர் வன்னியில் அவ்வாறான பட்டறையொன்றில் இருந்தெழும்பாத ஆசிரியர் யார்?

முதல் வகுப்பில் வளவாளர் வரைவிலக்கணம் எதையும் சொல்லவில்லை. கட்டில், தலையணை, பாய், கனவு, கொட்டாவி, தாலாட்டு, களைப்பு என 15 சொற்களை ஆறுதலாக வாசித்துவிட்டு, இரண்டு நிமிடம் வேறு கதை கதைத்த பின்னர், ஞாபகத்தில் உள்ளவற்றை எழுதச் சொன்னார். 'நித்திரை' என்று எழுதியவர்களைக் கையுயர்த்தக் கேட்டபோது 24 பேரில் 14 கைகள் உயர்ந்தன. அவர் அந்தச் சொல்லை வாசிக்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர், "இல்லைத் தம்பி, நீங்கள் வாசிச்சனீங்கள், பாய்க்குப் பிறகு" என்று அடித்துச் சொன்னார். தாளை அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கவிட்ட பிறகுதான் அடங்கினார். கேளாத சொல்லையும் கேட்டதாக மனம் நம்புவதைக் காட்டி, ரோடிகர், மக்டெர்மொட் ஆகிய உளவியலாளர் இருவர் 1995 இல் வெளியிட்ட பரிசோதனையின் தமிழ் வடிவம் இது என்ற விளக்கம் அதற்குப் பின்னரே வந்தது. டிப்ளோமாப் பரீட்சைக்காக படித்தது நாட்போக்கில் எப்படி மறக்கிறது என்று காட்டும் எபிங்ஹவுஸின் மறதி வளைகோட்டை மனனம் செய்து வரைந்தவள் நான். அந்த வளைகோடு சொன்னபடியே அதை மறந்தும் போனேன். 'நித்திரை' மறக்காது.

ஒவ்வொரு வகுப்பும் புள்ளியிடாத சிறு சோதனையுடன் தொடங்கியது. அதே ரோடிகர் கார்ப்பிக்கியுடன் சேர்ந்து 2006 இல் காட்டியது இதற்கு அடிப்படை: ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்துவர், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், வாசித்தபின் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்துவர். ஆயினும் நான்காம் வாரத்தில் மூவர் "நோட்ஸ் தரவில்லை" என்று அலுவலகத்தில் முறையிட்டனர். அவர்களைக் குறைகூற முடியாது. ஹாவர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் மாணவர்களைப் பற்றி 2019 இல் வெளியான ஆய்விலும், செயலில் ஈடுபட்டுப் படித்தவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்திருந்தனர்.

மண்டபம் வெக்கை, தேநீர் நன்று. சமூக உளவியலை ஒரே வாரத்தில் ஓட்டிமுடித்தது ஏமாற்றமே. இந்தச் சான்றிதழைக் கொண்டு உளவளத்துணையாளர் வேலை தேடலாம் என எண்ணியும் எவரும் சேரவேண்டாம்.

பெருங்குறை ஆறாம் வாரத்தில் நிகழ்ந்தது. பாவ்லோவின் நிபந்தனைப்படுத்தலை (இரண்டு விடயங்கள் சேர்ந்தே வந்து பழகினால், முன்னதற்கே உடல் எதிர்வினை காட்டுவது) விளக்க, மணியை அடித்து உடனே பலூனை உடைப்பது, பின்னர் மணிக்கு மட்டுமே உடல் திடுக்கிடுவதைக் காட்டுவது என்பது திட்டம். இரண்டாவது பலூன் உடைந்தபோது பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் மேசைக்குக் கீழே குந்தியிருந்தார், இரு கைகளும் பிடரியில். அவர் முள்ளிவாய்க்காலால் வந்தவர். வளவாளர் மன்னிப்புக் கேட்டு வகுப்பை நிறுத்தினார். அவர் வெளிமாவட்டத்து இளைஞர், மனம் நொந்துதான் போனார். ஆனால் யாருடைய காதில் எந்தச் சத்தம் ஏற்கெனவே நிபந்தனையாகிக் கிடக்கிறது என்று கேளாமல், வேறெங்கோ எழுதிய கையேட்டுப் பயிற்சியை அப்படியே இங்கே இறக்கியதை நிர்வாகமாவது தடுத்திருக்க வேண்டும். பாவ்லோவ் அளந்தது நாய்களின் உமிழ்நீரை. அதற்கு வெடிச்சத்தமே தேவையில்லை. அடுத்த வாரம் வளவாளரே மணியடித்துத் தேசிக்காயை வெட்டி நாக்கில் தடவச் சொன்னார். ஐந்தாறு முறைக்குப் பின்னர் வெறும் மணிக்கே எனக்கு வாயூறியது. அந்த அம்மா அன்று வரவில்லை. ஒன்பதாம் வாரம் வந்து, கதவோரக் கதிரையில் இருந்தார்.

அடுத்த தொகுதி தை மாதத்தில் தொடங்குமாம். சேரலாம், ஆறாம் வாரத்துக்குப் பலூனா தேசிக்காயா என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.